சேர்வராயன் உச்சிக்கு மேல் இடமில்லை

ஏற்காட்டில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களுக்குள் போனால் கூடத்தில் கணப்பு இருக்கும். செங்கல் வைத்துக் கட்டி, புகைபோக்கியை ஓட்டுக்கு மேலே ஏற்றியிருப்பார்கள். மின்சாரம் வந்து பல வருடங்கள் ஆன பிறகும் அந்த உத்தரங்களில் விசிறி மாட்ட யாருக்கும் தோன்றவில்லை, தேவைப்படவில்லை. இன்று அதே சாலையோரம் எழும்பியிருக்கும் விடுதிகளில் ஏசி அறைக்குத் தனிக் கட்டணம். மே மாதக் கோடை விழாவுக்குச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வருகிறவர்கள், வந்ததும் விசிறி எங்கே என்று பார்க்கிறார்கள்.

மனிதர்கள் விசிறி போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் இறங்கிப் போவார்கள். இந்த மலையிலேயே முளைத்து இந்த மலையிலேயே மடிகிற செடிக்கும், அதைத் தின்று வாழ்கிற விலங்குக்கும் என்ன வழி? எனக்கு இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிக அக்கறையோடு கேட்கிற இடம் ஆர்க்டிக். 1979-க்குப் பிறகு அந்த வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று ஃபின்லாந்து வானிலை நிறுவன ஆய்வாளர்கள் 2022-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அங்கே முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகும் மாணவர்களின் கோடைக்காலம் பெரும்பாலும் மண்டியிட்டபடியே கழிகிறது. தூந்திர நிலத்துச் செடிகள் கணுக்கால் உயரம், மிஞ்சினால் முழங்கால் உயரம். அவற்றின் மேல் ஆறு பக்கமும் ஒளி ஊடுருவும் தகடு வைத்து, மேற்பக்கம் திறந்த ஒரு சிறு கூண்டை நிறுத்துகிறார்கள். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். காற்றைத் தடுத்து வெயிலை உள்ளே பிடித்து வைப்பதாலேயே கூண்டுக்குள் ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை சூடு கூடிவிடும். கூண்டுக்குள் இலை என்றைக்கு விரிந்தது, வெளியே என்றைக்கு விரிந்தது, எந்தப் பூ முந்தியது, எது பிந்தியது என்று வருடா வருடம் குறித்துக்கொண்டே போவார்கள். 1990-ல் தொடங்கிய பன்னாட்டுத் தூந்திரப் பரிசோதனை என்னும் கூட்டு முயற்சியில் பல நாடுகள் ஒரே முறையில் இதைச் செய்துவருகின்றன. வருகிற வெப்பத்தை இன்றைக்கே ஒரு பிடி செடிக்கு ஊட்டிப் பார்க்கும் வேலை அது.

ஏற்காட்டுக்கும் ஆர்க்டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பனி இல்லை, துருவ மான் இல்லை, ஆறு மாத இரவும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே நிலையில் இருக்கின்றன: பின்வாங்க இடமில்லை. பூமி சூடாகும்போது செடிகள் தலைமுறை தலைமுறையாகக் குளிர்ந்த பக்கம் நகரும். தூந்திரச் செடி வடக்கே நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஆர்க்டிக் கடலின் கரையில் நிற்கும். மலைச் செடி மேலே ஏறி ஏறி உச்சியில் நிற்கும்.

சேர்வராயன் மலையில் அந்த உச்சி எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காடு ஊரின் உயரத்தை 1,515 மீட்டர் என்று குறிக்கிறார்கள். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். இடைவெளி 108 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிரும் என்பது பொது விதி. அப்படியானால் ஊரிலிருந்து உச்சிக்குப் போகும் செடிக்குக் கிடைக்கும் கூடுதல் குளிர்ச்சி வெறும் 0.7 டிகிரி. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் உயர்ந்திருப்பதும் சுமார் 0.7 டிகிரிதான். அதாவது, நூறு வருடங்களுக்கு முன் ஊர் மட்டத்தில் இருந்த குளுமையைத் தேடும் செடி இன்று உச்சியில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏற ஒரு படிகூட இல்லை.

இது நாட்டுச் சராசரியை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு. செடியின் வாழ்வு வெப்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. மழை, மூடுபனி, மண், நிழல் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் கணக்கு காட்டும் திசையில் சந்தேகமில்லை. நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அங்கே செடிகளுக்கு இன்னும் ஏறிப் போக இடமுண்டு. சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு தனித் துண்டு. சுற்றிலும் சேலம், தருமபுரிச் சமவெளி. அங்கே கோடையில் நாற்பது டிகிரி காய்கிறது. பக்கத்து மலைக்குத் தாவ வேண்டும் என்றாலும் அந்த அனலைக் கடந்தாக வேண்டும். இப்படித் தனித்து நிற்கும் மலைகளை அறிவியலாளர்கள் வானத்தீவுகள் என்று அழைக்கிறார்கள்.

அந்தத் தீவு முன்பு எப்படி இருந்தது?

தினையும் சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த மலையாளி இனத்துப் பழங்குடியினரின் மலை இது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அரேபியாவிலிருந்து காப்பியைக் கொண்டுவந்து இங்கே ஊன்றினார். பேரிக்காய் போன்ற பழ மரங்களும் வந்தன. அவர் வைத்த கிரேஞ்ச் தோட்டம் இன்றும் பேச்சில் இருக்கிறது. அதற்கடுத்த நூறு வருடங்களில் மலையின் மேல்தட்டு பெரும்பகுதி காப்பித் தோட்டமானது. முதலில் பெருமரங்களை விட்டுவைத்து, அடிக்காட்டை மட்டும் வெட்டிக் காப்பி வைத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நிழல் மரமாக நுழைந்தது. நேராக, வேகமாக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், வெட்டினால் காசு. தோட்டக்காரருக்கு நல்ல மரம்தான். ஆனால் பறவைக்குப் பழம் தரும் ஆலையும் அத்தியையும் பலாவையும்போல அது காட்டுக்குப் பயன்படுவதில்லை.

அந்தக் காலத்து அதிகாரிகளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: எழுதி வைத்தார்கள். எச். லெ ஃபானு 1883-ல் சேலம் மாவட்டக் கையேட்டை எழுதினார். எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் 1918-ல் சேலம் கெசட்டியரைக் கொண்டுவந்தார். பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். இந்த மலையிலேயே புதிய கற்காலக் கருவிகளைச் சேகரித்தார். தாவரங்களைப் பொறுத்தவரை, சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த ஜே.எஸ். காம்பிள், சேர்வராயன் மலைக்கே உரிய ஒரு சிறு மரத்தைத் தனி இனமாக விவரித்து 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' என்று இந்த மலையின் பெயரையே வைத்தார். மலையின் பெயரைச் சுமக்கும் அந்த மரம் இப்போது அரிய, அழியும் நிலையில் உள்ள தாவரங்களில் ஒன்று.

அதைக் காப்பாற்றிப் பெருக்கும் வேலை நடப்பது இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் 1963-ல் ஏற்காட்டில் தொடங்கிய தோட்டத்தில். சுமார் 18 ஹெக்டேர். தேசிய ஆர்க்கிடேரியம் என்று பெயர்ப்பலகை இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் மேகாலயாவிலிருந்து வந்த குடுவைச் செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று, மரக்கிளையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் ஒன்றின் வேரைப் பாருங்கள். மண்ணில் இறங்காமல் காற்றில் தொங்கும் வேர். காய்ந்திருக்கும்போது வெள்ளையாக, கிட்டத்தட்டச் சாம்பல் நிறமாக இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த வெள்ளை உறை ஈரத்தை உறிஞ்சி, சற்று நேரத்தில் உள்ளிருக்கும் பச்சை தெரிய ஆரம்பிக்கும். இந்த உறைதான் அதற்குக் கிணறு, குளம் எல்லாம். மழையையும் மூடுபனியையும் காற்றின் ஈரத்தையும் நம்பியே அதன் பிழைப்பு. மழையளவு ஆண்டுக் கணக்கில் மாறாமல் இருக்கலாம். ஆனால் நான்கு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு, நாற்பது நாள் காய்ந்தால் ஆர்க்கிட்டுக்கு அது வறட்சிதான். மழைமானியின் ஆண்டுக் கூட்டுத்தொகை இதைக் காட்டாது.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினட் ஹெர்பேரியத்தை நிறுவிய அருட்தந்தை கே.எம். மேத்யூ 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் தாவரத் தொகுதியையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த மலைத்தொடர்களில் ஏறி இறங்கிச் சேகரித்து, எந்தச் செடி எங்கே, எந்த உயரத்தில், எந்த மாதத்தில் பூத்தது என்று தாளில் ஒட்டிக் குறிப்பெழுதி வைத்த தலைமுறை அது. ஒரு ஹெர்பேரியத் தாளை வெறும் காய்ந்த செடி என்று நினைக்கக் கூடாது. தேதியும் இடமும் உள்ள சாட்சி அது. இன்று அதே இடத்துக்கு, அதே மாதத்தில் போய், அந்தச் செடி இருக்கிறதா, பூத்திருக்கிறதா என்று பார்த்தால் அரை நூற்றாண்டின் மாற்றம் கையில் கிடைக்கும். அப்படிப் போய்ப் பார்க்க வேண்டிய செடிகளில் நீலக்குறிஞ்சியும் உண்டு; மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே அது வளரும் இடங்களில் சேர்வராயனும் ஒன்று. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடி ஒரு முறை சறுக்கினால், அடுத்த வாய்ப்புக்கு ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விடுவார்கள்.

இன்றைய மாற்றத்தை அன்றாடம் கண்கூடாகப் பார்க்கிறவர்கள் தாவரவியலாளர்களைவிடக் காப்பித் தோட்டத்துக்காரர்கள்தான். அராபிகா காப்பியின் நாட்காட்டி மிகக் கறாரானது. மழைக்காலம் ஓய்ந்தபின் கணுக்களில் மொட்டுத் தோன்றி, வறண்ட மாதங்களில் வளராமல் உறங்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை விழ வேண்டும்; தோட்டத்தில் பிளாசம் ஷவர் என்பார்கள். அந்த மழை விழுந்து எட்டு, பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துத் தள்ளும். இரண்டு மூன்று நாள்தான் பூ நிற்கும். அந்த நாட்களில் ஏற்காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி மூச்சு இழுத்தவர்களுக்கு அந்த வாசம் மறக்காது. பின்னோடு இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு தங்கும். நவம்பரிலிருந்து பழம் பறிப்பு.

இந்தக் கணக்கில் மழை பத்து நாள் தள்ளிப்போனாலே தோட்டத்துக்காரர் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அரைகுறையாக ஒரு தூறல் விழுந்தால் மொட்டு பாதி விழித்துக் கருகும். இரண்டு மூன்று தவணையாக மழை வந்தால் பூவும் இரண்டு மூன்று தவணையாக வரும். அப்புறம் ஒரே செடியில் பழம், காய், பிஞ்சு மூன்றும் இருக்கும். பறிப்புக் கூலி இரட்டிக்கும். 2021 ஜனவரியில் தமிழ்நாடெங்கும் பருவம் தப்பிப் பெய்த மழை நினைவிருக்கும். பறிப்பு நேரத்தில் வரும் அப்படியொரு மழை பழத்தை வெடிக்க வைத்து உதிர்க்கும். களத்தில் காயும் கொட்டையைக் கெடுக்கும். அடுத்த வருடத்துக்கு உறங்கும் மொட்டையும் அகாலத்தில் எழுப்பிவிடும். ஒரே மழை இரண்டு வருட மகசூலைத் தொடுகிறது.

வெயில் கூடினால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டுக்குக் கொண்டாட்டம். வெயில் நேரடியாக விழும் தண்டின் பட்டை வெடிப்பில் அது முட்டையிடும். புழு உள்ளே துளைத்துப் போகும். வெளியே தெரியும்போது செடி போயிருக்கும். நிழல் அடர்ந்த தோட்டத்தில் இதன் தொல்லை குறைவு. காப்பிச் செடியைக் காப்பது நிழல்தான் என்று பழைய தோட்டக்காரர்கள் விடாமல் சொன்னதன் அறிவு இங்கே விளங்குகிறது. நிழல் மரத்தைக் கழித்து வெளிச்சத்தைக் கூட்டினால் காய் கூடும் என்ற ஆசைக்கு, சூடாகும் மலையில் விலை அதிகம்.

காப்பி மனிதன் வைத்த செடி. அதற்கு மருந்தடிக்கவும் கவாத்து செய்யவும் ஆள் இருக்கிறார்கள். ஆளில்லாத சரிவுகளில் நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அங்கே அரசாள்வது உண்ணிச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்து, நாடு முழுக்கக் காட்டுக்குள் புகுந்துவிட்ட செடி. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இரு பக்கமும் பாருங்கள்: மஞ்சளும் ரோஜா நிறமுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். அழகாகத்தான் இருக்கும். அதன் அடியில் குனிந்து பார்த்தால் புல் இருக்காது.

இங்கே ஆர்க்டிக் ஆய்வு நமக்கு நேரடியாக உதவுகிறது. தூந்திரத்தில் வெப்பம் கூடக்கூடப் புல்லும் பாசியும் இருந்த இடத்தில் குட்டைப் பிர்ச்சும் வில்லோவும் புதராக ஏறுகின்றன. நம் மலைகளிலும் இதற்கு இணையான ஒன்று நடக்கும் என்று இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் முப்பது வருடங்களுக்கு முன்பே எழுதினார்கள். 1993-ல் நேச்சர் இதழில் வந்த அவர்கள் கட்டுரை, நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணைத் தோண்டி, அதில் புதைந்திருந்த கார்பனின் வகையை வைத்து, இருபதாயிரம் வருடங்களில் எப்போது புல்வெளி பரந்தது, எப்போது காடு பரந்தது என்று படித்துச் சொன்னது. வறண்ட காலத்தில் புல். ஈரமான காலத்தில் மரம். 1995-ல் அவர்கள் அடுத்த படியை எடுத்தார்கள்: காற்றில் கரியமில வாயு கூடி, வெப்பமும் உயர்ந்தால், வெப்பமண்டலப் புல்லைவிட மரமும் புதரும் வலுப்பெறும், வெளியிலிருந்து வந்த களைச் செடிகளும் அந்தக் கூட்டத்தில் சேரும், புல்லை நம்பும் வரையாடு போன்ற விலங்கு நெருக்கடிக்கு உள்ளாகும்.

ஆர்க்டிக் கூண்டுகளும் நம் ஊருக்கு வந்துவிட்டன. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் மகேஷ் சங்கரன் குழு நீலகிரிப் புல்வெளியில் மேல் திறந்த வெப்பக் கூண்டுகளை வைத்துப் பரிசோதித்தது. யதுகிரி திருவாய்மொழி அவரோடு சேர்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு, சூடு கூடும்போது அந்தப் புல்வெளி மண் வெளிவிடும் கரியமில வாயுவும் கூடுகிறது என்று காட்டியது. புல்வெளிக்கு மேலே நடப்பதை மட்டும் பார்த்தால் போதாது, மண்ணுக்கு அடியிலும் கணக்கு மாறுகிறது என்பதற்கு இது ஆதாரம். தமிழ்நாட்டு மலையில் இந்த முறை பலித்திருக்கிறது. சேர்வராயன் உச்சியில் இப்படிப் பத்துக் கூண்டு வைக்க ஆகும் செலவு பெரிதில்லை.

இனி விலங்குக்கு வருகிறேன். ஏற்காட்டில் இன்று எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் காட்டெருமைப் பேச்சு வரும். எந்த எஸ்டேட்டில் எத்தனை நின்றது, எந்த வளைவில் வண்டியை மறித்தது என்று. முன்பெல்லாம் மலையேறியவர்கள் இதைப் பார்க்காமலே இறங்கிய நாள்தான் அதிகம். இன்று அந்தி சாயும் நேரத்தில் தோட்டச் சரிவில் பார்த்தால் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே கருத்த உடல் அசையாமல் நிற்கும். முதலில் தெரிவது முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால். அப்புறம் திமிலோடு சேர்ந்த முதுகு. முழு வளர்ச்சி அடைந்த காளை ஒரு டன் வரைகூட எடை இருக்கும். காப்பி இலையை அது விரும்பித் தின்பதில்லை. வரிசைகளுக்கு இடையிலுள்ள புல்லுக்கும் தண்ணீருக்கும் நிழலுக்கும்தான் வருகிறது. வந்த இடத்தில் மிதிபட்டும் உரசப்பட்டும் செடி ஒடிகிறது. பனிமூட்டத்தில் வேலைக்கு நடந்து போகும் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் பயத்தோடுதான் போகிறார்கள். மலை ஊர்களில் முட்டுப்பட்டு உயிரிழந்தவர்களும் உண்டு.

எண்ணிக்கை கூடியதற்கு நல்ல காரணங்களும் இருக்கின்றன. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. 1968-ல் முதுமலை, பந்திப்பூர்க் காட்டெருமைகளைக் கொத்துக் கொத்தாக வீழ்த்திய வெக்கை நோய், தடுப்பூசியால் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. கால்நடை மருத்துவம் காட்டு விலங்குக்கும் செய்த பெரிய உபகாரம் அது.

ஆனால் கண்ணில் அதிகம் படுகிறது என்பதற்காக அது செழிப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. இதையும் ஆர்க்டிக்தான் கற்றுக் கொடுத்தது. ஸ்வால்பார்டு தீவுகளில், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிற அதே தீவுக்கூட்டத்தில், ஸ்டீவ் ஆல்பன் தலைமையிலான குழு துருவ மான்களை வருடா வருடம் பிடித்து எடை போட்டது. 1994-ல் பிறந்த மான்கள் வளர்ந்தபின் சராசரி 55 கிலோ இருந்தன. 2010-ல் பிறந்தவை 48 கிலோதான். அதே காலத்தில் மான்களின் எண்ணிக்கையோ கூடியிருந்தது. கோடை நீண்டதால் புல் கூடியது, குட்டி கூடியது. குளிர்காலத்தில் பனிக்குப் பதில் மழை விழுந்து தரையில் பனிக்கட்டியாக உறைந்ததால் தீவனம் கண்ணாடிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. தலைகள் கூட, உடல்கள் இளைத்தன. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் நல்ல சேதி என்றே எழுதியிருப்பார்கள்.

காட்டெருமைக்குச் சூடு ஆகாது. அவ்வளவு பெரிய கரிய உடல். காலையிலும் மாலையிலும் மேயும், உச்சி வெயிலில் நிழலில் படுத்து அசை போடும். வெயில் மணிகள் நீண்டால் மேய்ச்சல் மணிகள் குறையும். கீழ்ச் சரிவு பிப்ரவரியிலேயே காய்ந்து, காட்டுத்தீயும் பிடித்துவிட்டால், நிழலும் நீரும் உள்ள ஒரே இடம் மேலே இருக்கும் காப்பித் தோட்டம். அது மனிதரைத் தேடி வரவில்லை. குளிர்ச்சியைத் தேடி ஏறுகிறது. செடியைப் போலவே அதற்கும் சேர்வராயனில் மேலே போக நூறு மீட்டர்தான்.

மேய்கிற விலங்கு, வெப்பத்தின் விளைவையே மாற்றும் என்பதையும் எரிக் போஸ்ட் என்னும் சூழலியலாளர் கிரீன்லாந்தில் காட்டினார். காங்கர்லுஸ்ஸுவாக் அருகே கரிபு என்னும் துருவ மானும் கஸ்தூரி எருதும் மேயும் நிலத்தில் சில இடங்களுக்கு வேலி போட்டார். வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பக் கூண்டு வைத்தார். விலங்கு நுழையாத இடத்தில் சூடு பட்டதும் புதர் வேகமாக ஏறியது. விலங்கு மேய்ந்த இடத்தில் அந்த ஏற்றம் அடங்கியது. அங்கே மேய்ச்சல் புதருக்குக் கடிவாளம். நம் மலையில் இது தலைகீழாகலாம் என்பது என் எண்ணம். உண்ணிச்செடி மாட்டுக்கு நஞ்சு, ஈரலைக் கெடுக்கும். காட்டெருமை அதைத் தொடாமல் பக்கத்திலுள்ள புல்லைத்தான் கடிக்கும். புல் மெலிய மெலிய உண்ணிச்செடிக்கு இடம் கிடைக்கும். உண்ணிச்செடி பரவப் பரவக் காட்டெருமை தோட்டத்துக்கு வரும். சுற்று அப்படியே இறுகும். இந்த எண்ணம் சரியா தவறா என்று நாலு வேலி போட்டு ஐந்து வருடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போடுவது நியாயமில்லை. சேர்வராயனில் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டியெடுத்த மேடுகள் வெப்பத்தால் மொட்டையானவை அல்ல. ஓடை மேல் எழுந்த விடுதியும், வழியை அடைக்கும் மின்வேலியும் நம் கை வேலை. பழனி மலைத்தொடரில் நாற்பது வருடங்களில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போனது, வாட்டிலும் யூகலிப்டசும் பைனும் நட்டதாலும் விவசாயத்தாலும் என்று 2018-ல் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டினார்கள். ஆர்க்டிக்கில் வெப்பம் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. இங்கே வெப்பத்துக்குக் கூட்டாளிகள் அதிகம். கூட்டாளிகளை நாம் இன்றைக்கே நிறுத்த முடியும் என்பதால், நம் நிலைமை ஒரு விதத்தில் ஆர்க்டிக்கைவிடக் கைக்கு அடங்கியது.

அதற்கு முதலில் அளவீடு வேண்டும். அடிவாரத்திலிருந்து சேர்வராயன் உச்சி வரை, இருநூறு மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக நிரந்தர மாதிரிப் பரப்புகளைக் குறித்து, அவற்றை இருபது வருடம் விடாமல் பார்க்க வேண்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் மலையடிவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தோட்டமும் காப்பி வாரிய அலுவலகமும் மேலேயே இருக்கின்றன. ஒரு முனைவர் பட்ட மாணவர் போய் இன்னொருவர் வந்தாலும் அதே மரத்தை அதே மாதத்தில் பார்க்கும் ஏற்பாடுதான் தேவை. வனத்துறை காட்டெருமையைத் தலை எண்ணுவதோடு, புல்லின் நிலையையும் கன்றுகளின் உடல் நிலையையும் சேர்த்துக் குறிக்கட்டும்.

இதில் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதை வேறு யாரும் செய்ய முடியாது. ஏற்காட்டுப் பழைய எஸ்டேட்டுகளில் தினமும் காலையில் ரைட்டரோ கணக்கப்பிள்ளையோ மழைமானியைப் பார்த்து, இத்தனை இஞ்ச், இத்தனை சென்ட் என்று நோட்டில் எழுதும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. சிலர் அதே வரியின் ஓரத்தில் காப்பி பூத்த நாளையும் பறிப்பு தொடங்கிய நாளையும் குறித்திருப்பார்கள். அந்த நோட்டுகள்தான் இந்த மலையின் பருவநிலை வரலாறு. எஸ்டேட் கை மாறும்போதும் வீட்டைப் புதுப்பிக்கும்போதும் அவை எடைக்குப் போகின்றன. உங்கள் பரணிலோ அலுவலக அலமாரியிலோ அப்படியொரு நோட்டு இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்கு ஒரு பிரதியைக் கொடுங்கள். எழுதுவதை நிறுத்தியிருந்தால், நாளைக் காலையிலிருந்து மறுபடி எழுதத் தொடங்குங்கள்.